எரிந்த ஓடுகளுக்குக் கீழே

ஆர்கோஸ்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

அன்பு பன்டெலிஸுக்கு,

சுகம்தானே? மெல்போர்னில் குளிர் தொடங்கிவிட்டதாக உன் அத்தை மகன் சொன்னான். கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். போனில் பட்டறைப் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. தெருமுனையில் அடுக்குமாடி கட்ட அனெஸ்டிஸ் தோண்டிய இடத்தில் பழங்காலக் குப்பைக்குழி ஒன்று வெளிப்பட்டது. கட்டட வேலையை நிறுத்திவிட்டு அகழாய்வு செய்கிறார்கள். கிடைப்பதைக் கழுவி உலர்த்துவது என் பொறுப்பு. அனெஸ்டிஸ் தினமும் வேலியோரம் நின்று, "ஏம்மா, எங்க வீட்டுக் குப்பைத்தொட்டியும் நிரம்பிக் கெடக்கு, வர்றியா?" என்று கத்துவார். ஆய்வை நடத்தும் கலிரோயி விடமாட்டாள். "உங்க குப்பைக்கு இன்னும் வயசாகலையே! ரெண்டாயிரம் வருஷம் போகட்டும், வந்து அள்ளிக்கிறோம்" என்பாள்.

அது யார் குப்பை தெரியுமா? உன்னைப்போல் வெண்கலம் வார்த்தவர்களுடையது. உடைந்த மண் அச்சுகள், உலைக்கசடு, சிந்திய உலோகத் துளிகள். கூடவே ஆட்டெலும்பு, சிப்பி, தறியில் கட்டும் மண்குண்டு. "வீடும் பட்டறையும் ஒண்ணுதான். உலைக்குப் பக்கத்துலயே சமைச்சு, துணி நெய்து, புள்ள வளத்திருக்காங்க" என்றாள் கலிரோயி.

இன்னும் ஆழம் போனபோது கரிந்த கூரை ஓடுகளும் சாம்பலுமாக வந்தன. என்னால் கழுவ முடியவில்லை. நம் பட்டறை எரிந்த அன்று கூரை சரிந்த சத்தம் காதில் கேட்டது. எழுந்துபோய் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அந்த ஓடுகளுக்கும் கீழே அச்சுத்துண்டுகள் கிடைத்தன. மேலே கிடைத்தவற்றில் இருந்த அதே கீறல் குறி இவற்றிலும் இருந்தது. கலிரோயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எரிஞ்சது இவங்க பட்டறையேதான், பொலிக்ஸேனி. எரிஞ்சதையெல்லாம் வழிச்சுக் குழியில தள்ளிட்டு, மறுபடி உலை மூட்டியிருக்காங்க!"

கோபித்துக்கொள்ளாதே. நீ பூட்டிவிட்டுப் போன பட்டறைக் கதவை நான் திறந்துவிட்டேன். கலிரோயி சல்லடையோடு வந்தாள். விழுந்த உத்திரத்தை எங்களால் அசைக்கக்கூட முடியவில்லை. அனெஸ்டிஸ் எட்டிப் பார்த்தார். "என் ஜேசிபி சும்மாதான நிக்குது, உங்க புண்ணியத்துல" என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து தூக்கிப் போட்டார். பட்டறைக்கல் அப்படியே இருக்கிறது. உலோகம் உருக்கும் மூசைகள் இரண்டு முழுசாகக் கிடைத்தன. உலைச்சுவரில் ஒரு விரிசல்தான்.

நாஃப்பிலியோ ஊர்ப் பாதிரியார் கோயிலுக்கு விளக்குத்தண்டு வேண்டுமென்று கேட்டு வந்தார். ஆள் வெளியூரில் இருப்பதாகச் சொன்னேன். ஆள் இல்லை என்று சொல்லவில்லை.

கூரை போடத் தச்சர் தயாராக இருக்கிறார். புகைபோக்கி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? படம் வரைந்து அனுப்பினாலும் போதும். ஆனால் அவருக்குப் படம் பார்த்துப் பழக்கமில்லையாம். யாராவது நின்று கைகாட்டினால்தான் சரியாக வருமாம்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். வழிப்பயணத்திலும்.

உன் மனைவி,
பொலிக்ஸேனி