கண்ணுல இருந்த சிவப்பு

அக்கா அக்கா அக்கா, எடுத்துட்டாங்க, சட்டத்துல இருந்தே எடுத்துட்டாங்க, கெடுத்தவனே அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டா கேஸ் கிடையாதுங்கிற அந்தக் கேடுகெட்ட பிரிவு இனிமே இல்லவே இல்ல!

இரு, மூச்சு விட்டுக்கறேன். முறையா ஆரம்பிக்கிறேன்.

என் அன்பு அக்காவுக்கு, உன் வாலு எழுதிக்கறது. இங்க எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டேன். போன்ல கேட்டா "நல்லா இருக்கேன்"னு ஒரே சுதியில சொல்லுவே, ஸ்பீக்கரைப் போட்டுட்டு பக்கத்துலயே அவர் உக்காந்திருப்பாரு. சீ, அவர்னு எழுத கை கூசுது. அவன் உக்காந்திருப்பான். அதனாலதான் பேப்பர். பேப்பர்ல எழுதிப் பழக்கமே இல்லக்கா. தப்பா எழுதினா அழிக்க பட்டன் இல்ல, நடுவுல சிரிக்கிற மூஞ்சி போட வழியில்ல. போடற மாதிரி விஷயமும் இல்ல.

வக்கீலக்கான்னு ஒருத்தங்களைப் பத்தி உன்கிட்ட சொன்னதே இல்ல. எங்க சொல்றது, ஸ்பீக்கர்லயா? இந்தப் பிரிவை எடுக்கச் சொல்லி வருஷக்கணக்கா அலைஞ்சவங்க அவங்கதான். நான் அவங்களோட வெறி பிடிச்ச ஃபேன். கோர்ட் வாசல்ல ஒரு ரிப்போர்ட்டர் பெரிய மேதாவி மாதிரி, "இதை எடுத்தா குடும்பங்க உடையுமே மேடம்"னான். "திருடன் கையிலயே சாவியைக் குடுத்துட்டு அதுக்கு வீடுன்னு பேர் வைக்கிறீங்க"ன்னாங்க பாரு, அவன் மைக்கை இறக்கிட்டு நைசா நழுவினான். அந்த வீடியோவை வெட்டி மியூசிக் சேர்த்துப் போட்டேன். பிச்சுக்கிட்டுப் போச்சு. அதைப் பாத்துட்டுத்தான் போஸ்டர் பண்ணக் கூப்பிட்டாங்க. எந்த கிளாஸுக்கும் போகலக்கா, அம்மாவோட உடைஞ்ச போன்லயே வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்.

நேத்து ஓட்டெடுப்பு முடிஞ்சதும் சட்டசபை வாசல்ல ஒரே கூச்சல். முன்னப் பின்ன தெரியாத பொம்பளைங்க கட்டிப் பிடிச்சு அழறாங்க. கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு. அந்த நேரம் பாத்து போன் சிணுங்குச்சு. நம்ம ஃபேமிலி குரூப். முதல்ல போட்டது யாரு தெரியுமா? அப்பா. நம்ம அப்பாவேதான்! "பெண் குலத்துக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி, அனைவருக்கும் பகிரவும்"னு எங்கயோ வந்ததை அப்படியே தூக்கிப் போட்டிருக்காரு, கூடவே வரிசையா கும்பிடற கை. அதுக்குக் கீழ மாமா ஒரு ரோஜாப்பூ. அதுக்கும் கீழ அவன். உன் வீட்டுக்காரன். கட்டைவிரல்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நின்னுட்டு அந்தக் கட்டைவிரலையே பாத்துட்டிருந்தேன். இவங்க நடிக்கலக்கா, அதுதான் கொடுமை. இது நம்ம வீட்டைப் பத்தின சட்டம்னு ஒருத்தருக்கும் தோணவே இல்ல.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நேராவே கேட்டேன். அந்தப் பிரிவை வச்சுத்தானே அக்காவைத் தள்ளி விட்டீங்கன்னு. நியூஸ்ல இருந்து கண்ணை எடுக்காமலே, அது வேற இது வேறன்னாரு. நம்மளுது மரியாதையா முடிஞ்ச விஷயமாம். மரியாதை! ஸ்டேஷனுக்குள்ள ஆம்பளைங்க சுத்தி உக்காந்து டீ குடிச்சு முடிச்சாங்க. நீ வெளிய பெஞ்சுல. உனக்கு டீ கூட வரலன்னு அம்மா சொன்னாங்க. பொண்ணு என்ன சொல்லுதுன்னு உள்ள யாரோ கேட்டதுக்கு, "அது என்ன சொல்லும், நாலு நாள் அழும், அப்புறம் சரியாயிடும்"னு மாமா சொன்னது பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சாமே. காலேஜ் ஐடி கார்டு கழுத்துல தொங்க உக்காந்திருந்த உனக்கு அங்கயே வாழ்க்கையை முடிச்சு, கைகுலுக்கிட்டு வெளிய வந்தாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், பதறாதே. பஸ் ஸ்டாப் எதிர்க்க இருக்கிற ஸ்டுடியோவுல வேலைக்குச் சேர்ந்திருக்கேன். ஆமா, அதே ஸ்டுடியோதான். கண்ணாடிக்குப் பின்னாடி உன் கல்யாணப் போட்டோவை ஆளுயரத்துக்கு மாட்டி வச்சிருக்காங்களே, அதே இடம். போறவங்க வர்றவங்க நின்னு பாத்து, "என்ன அடக்கம் பாரு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. போன வாரம் முதலாளி எனக்கு முகத்தைச் சரி பண்ணக் கத்துக் குடுத்தாரு. கம்ப்யூட்டர்ல ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல திறந்தாரு. ஒண்ணு எடுத்தது, இன்னொண்ணு வேலை முடிஞ்சது. ரெண்டும் நீ. புதுசா யார் வேலைக்கு வந்தாலும் இதைத்தான் முதல்ல காட்டுவாராம். "அந்தப் பொண்ணு அன்னைக்கு ஒரே அழுகைம்மா, கண்ணுல இருந்த சிவப்பை எடுக்கறதுக்குள்ள தாவு தீந்து போச்சு, இமையில வீக்கம் வேற, பாரு, இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு"ன்னாரு. சார், இது எங்க அக்கான்னேன். அப்படியா, குடுத்து வச்சவங்கம்மான்னாரு. நல்ல மனுஷன்தான். வேலைக்கு நடுவுல டீ வாங்கித் தருவாரு.

அந்த முதல் படத்துல நீ கேமராவை நேராப் பாக்கறேக்கா. எங்களை எல்லாரையும் பாக்கறே. வெளிய தொங்கறதுல உன் பார்வையையே இறக்கி விட்டுட்டாங்க, இமையை வரைஞ்சு.

எங்க போஸ்டர் குரூப்ல இதைச் சொன்னேன். உடனே ஆளாளுக்கு, அந்த ரெண்டு படத்தையும் சேர்த்துப் போடு, தீயாப் பரவும்னு குதிச்சாங்க. எனக்கும் கை பரபரன்னுச்சு, பொய் சொல்லல. வக்கீலக்கா மட்டும் குதிக்கல. அந்தப் பொண்ணைக் கேட்டியான்னாங்க. இல்லக்கான்னேன். "ஏற்கெனவே ஒரு தடவை அவளைக் கேக்காம ஒரு கூட்டம் முடிவு பண்ணிடுச்சு. நாமளும் பண்ணணுமா?"ன்னாங்க.

அதான் கேக்கறேன். போட்டோவைப் பத்தி இல்ல, அது கெடக்கட்டும். உன்னைப் பத்தி.

புதுச் சட்டம் வந்துட்டதால பழைய கல்யாணம் தானா ரத்தாகாதாம். அதைக் கேட்டதும் எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. ரோடெல்லாம் ஆடினோம், உனக்கு ஒரு மாத்தமும் இல்லையேன்னு. ஆனா ஒரு வழி விட்டிருக்காங்களாம். கட்டி வைக்கப்பட்ட பொண்ணே வந்து, எனக்குச் சம்மதம் இல்லன்னு வாயைத் திறந்து சொன்னா கோர்ட் விசாரிக்கும். பழைய கேஸும் திரும்ப உயிர் பெறும். ஆனா நீதான் வரணும். உனக்குப் பதிலா நான் சொல்ல முடியாது, அம்மா சொல்ல முடியாது. அதுக்கும் கொஞ்ச காலம்தான் அவகாசம் குடுத்திருக்காங்க. எவ்வளவு நல்ல சட்டம் பாரு, உன் வாயை நீயே திறக்கணும்னு எழுதி வச்சிருக்கு, ஸ்பீக்கர் போன்ல இருக்கிறவளுக்கு.

அம்மா இப்ப பக்கத்துல உக்காந்து உன் பழைய தலையணையோட ஓரத்தைப் பிரிச்சிட்டிருக்காங்க, இந்த லெட்டரை உள்ள வச்சுத் தைச்சு அனுப்ப. போன தடவை அனுப்பின சோப்பு டப்பாவைக் கூட அவன் திறந்து பாத்தானாமே. தலையணையைக் கிழிச்சுப் பாக்க மாட்டான்னு அம்மா கணக்கு. பஞ்சு கட்டிக்கிச்சுன்னா பிரிச்சு உதறிப் போடுன்னு உன்கிட்ட போன்ல சொல்லப் போறாங்க. புரிஞ்சிருக்கும், இல்லன்னா இதைப் படிச்சிட்டிருக்க மாட்டே. நீயும் ஒரு வரி எழுதும்மான்னு பேனாவை நீட்டினேன். வாங்கினாங்க, கொஞ்ச நேரம் வச்சிருந்தாங்க, திருப்பிக் குடுத்துட்டாங்க. எழுந்து போய் உன் கட்டில் மேல குவிஞ்சு கெடந்த அப்பா சாமானை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துத் தரையில வச்சாங்க. அப்பா பாத்துட்டே இருந்தாரு.

பதில் எப்படிப் போடறதுன்னு யோசிப்பே. உன் நம்பர்ல எங்க எல்லாருக்கும் தெரியற முகப்புப் படமா அந்தக் கல்யாணப் போட்டோவைத்தானே அவன் வச்சிருக்கான். அதை மாத்து. ஒரு டம்ளர், ஒரு கதவு, வெறும் சுவர், எதுவா இருந்தாலும் சரி. அது மாறின நிமிஷம் வக்கீலக்காவோட ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வண்டியில உன் வாசல்ல வந்து நிக்கறேன். மாத்தலன்னா, அதையும் உன் முடிவாத்தான் எடுத்துக்கணும்னு வக்கீலக்கா சொல்லியிருக்காங்க. சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்கேன். ஆனா மாத்துக்கா. ப்ளீஸ்க்கா.

ஊரு பூரா ஷேர் பண்ணுங்க ஷேர் பண்ணுங்கன்னு கத்தறவ நான். இதை மட்டும் படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு. லட்சம் லைக் வேணாம். நீ ஒருத்தி பதில் போடு.

போனைக் கையில இருந்து கீழ வைக்காம,
உன் வாலு