கறுப்பனுக்கு மட்டும் விதிவிலக்கு

ஜூலை 2, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றம், கதிரை, சோறு எல்லாவற்றிலும் புழுதி. சைக்கிள் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. கிராமச் சங்கத் தலைவராகிய நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சங்கத்துக்குப் போனேன். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரு கையால்தான் வணக்கம்.

இந்த மாதம் தலைமை தாங்க வேண்டியவை, கிளாக்கர் தந்தபடி:
பள்ளிக்கூடப் பரிசளிப்பு.
மதகு திறப்பு.
ஐக்கிய சங்கப் பொதுக்கூட்டம்.
முல்லைத்தீவில் வாசிகசாலை திறப்பு.
மாதர் சங்கத் தையல் கண்காட்சி. (தையலில் எனக்கு என்ன தெரியும்? பொத்தான் கழன்றால் மனிசியைக் கூப்பிடத் தெரியும்.)
அடுத்த மாதம் வைரவர் கோயில் பொங்கல்.

பேச்சு ஒன்றுதான் இருக்கிறது. ஜே.எஸ்.சி. சோதனை இரண்டு தரம் பெயிலான ஆளுக்கு ஒன்றே அதிகம். "பள்ளிக்கூடம்" வருகிற இடத்தில் "மதகு" என்று போட்டால் சரி.

இன்றைய கூட்டத்தில் நாய்ப் பிரச்சினை. குளத்துக்கு அங்கால் வெறிபிடித்த விசர்நரி திரிகிறது, இரண்டு மாடு வாயில் நுரை தள்ளிச் செத்தது. வரி கட்டிக் கழுத்தில் வில்லை கட்டாத நாய்களைச் சுடுவதென்று முடிவு. அப்போது வைரவர் கோயில் பூசாரியார் எழும்பினார்.

"சேர்மன், மற்ற நாயெல்லாம் உங்கட நாய். கறுப்பன் வைரவற்ர வாகனம். சுடுறதெண்டா முதல் அவரிட்டக் கேளுங்கோ."

"வைரவர் வரி கட்டினவரோ?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தீர்மானம்: எல்லா நாய்க்கும் சட்டம், கறுப்பனுக்கு மட்டும் விதிவிலக்கு. எதிர்ப்பவர் இல்லை. வோட்டு அடுத்த வருடம் என்பது எல்லோருக்கும் ஞாபகம்.

பின்னேரம் பூசாரியார் வீட்டுக்கு வடை கொண்டுவந்தார். நல்ல வடை. ஐந்து தின்றேன்.

ஜூலை 5, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சங்கத்து வேலையாள் முருகேசு மேடைக்கே ஓடி வந்தான். "ஐயா, மலரை நாய் கடிச்சுப் போட்டுது."

என் மகள் மலர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழமைபோலக் கறுப்பனுக்கு றொட்டித் துண்டு நீட்டியிருக்கிறாள். அது றொட்டியை விட்டுவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்தது. விடவில்லையாம். பூசாரியார் ஓடி வந்து, வெறுங்கையை அதன் வாய்க்குள் கொடுத்துத் தாடையைப் பிளந்து பிள்ளையை எடுத்தாராம். அவருடைய வலக்கையில் பெருவிரலடி கிழிந்து தொங்கியதாம். பிறகு முருகேசு துவக்கோடு போய்க் கறுப்பனைச் சுட்டான்.

மனிசி அழுதுகொண்டே காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி வைத்திருந்தாள். அது நல்ல வேலை என்று டாக்குத்தர் பிறகு சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் முல்லைத்தீவு ஆஸ்பத்திரி.

டாக்குத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலியாண வீட்டிலயிருந்தோ வாறியள்?" மாலை இன்னும் என் கழுத்தில் கிடந்தது.

நாளையிலிருந்து தினமும் ஒரு ஊசி. வயிற்றில். பதினாலு. நாய்க்கு விசரோ இல்லையோ என்று பார்க்கக் கொழும்புக்குத் தலை அனுப்ப வேண்டுமாம், ஐசில் வைத்து.

"விசர் வருத்தம் வந்தாப் பிறகு மருந்தில்லை," என்றார். "வர முந்தித்தான் எல்லாம். கடிபட்ட மற்ற ஆளையும் நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஜூலை 6, சனி

ஐசுக்கு இந்தப் பகுதியில் மீன் முதலாளிமாரை விட்டால் ஆள் இல்லை. விடிய அனீபா நானாவின் மீன்வாடிக்குப் போனேன். மாங்குளம் ஸ்ரேசனுக்கு லொறி வெளிக்கிடுகிற நேரம். சாக்குக்குள் என்ன என்று சொன்னேன்.

"அல்லாவே! பாரைக்கும் விளைமீனுக்கும் நடுவில நாய்த்தலையோ? சேர்மன், எனக்கு அது ஆகாது, உங்களுக்கு அது வாகனம். ரெண்டு பேருக்கும் பாவம் வராமக் கொண்டுபோக வழி சொல்லுங்கோ."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பகிடியை விட்டார். புதுப் பெட்டி ஒன்று எடுத்து, மரத்தூள் போட்டு, ஐஸ் உடைத்து, மெழுகுசீலையில் சுற்றித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "ரெயில் ஏத்தும் மட்டும் நான் பக்கத்தில நிப்பன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ."

முதல் ஊசி. நேர்ஸ் கையைப் பிடிக்க, நான் தலைமாட்டில் நின்று தைரியம் சொல்லத் தொடங்கினேன். மலர்: "அப்பா, இஞ்ச பேச்சுப் பேசாதேங்கோ." நிறுத்தினேன். அவளுக்கு எட்டு வயது. கத்தவும் இல்லை. என் பெருவிரலைப் பிடித்த பிடி மட்டும்.

பூசாரியார் வரவில்லை. பின்னேரம் போனேன். கையில் மஞ்சளும் திருநீறும் வைத்துக் கட்டியிருக்கிறார்.

"உங்கட பிள்ளைக்குப் போடுங்கோ. எனக்கு வைரவர் இருக்கிறார்."

"வைரவற்ர நாய்தானே கடிச்சது, அண்ணை?"

"அது கடிக்கேல்லை சேர்மன். நான் கையை விட்டன், பல்லுப் பட்டுது."

ஜூலை 9, செவ்வாய்

மதகு திறப்பு. நாடா வெட்டினேன். கீழே ஒரு துளி தண்ணீர் இல்லை, மேலே நான் "தண்ணீரின் அருமை" பற்றிப் பதினைந்து நிமிடம். கைதட்டு.

ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்திருக்கிறது. மனிசி ஒத்தணம் கொடுக்கிறாள்.

என்ன குறி தெரியும் என்று டாக்குத்தரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடிபட்ட இடம் விறைக்குமாம். முகத்தில் காற்றுப் பட்டால் தொண்டை இழுக்குமாம். பிறகு தண்ணீர். குடிப்பது இருக்கட்டும், பார்க்கவே, அதன் சத்தம் கேட்கவே முடியாதாம். சில கிழமையிலும் வரலாம், சில மாதத்திலும் வரலாம்.

இன்று தொடக்கம் காலையில் மலருக்கு மூக்குப்பேணியில் தண்ணீர் நானே கொடுக்கிறேன். ஏன் என்று மனிசி கேட்கவில்லை. குசினி வாசலில் நின்று அவளும் பார்க்கிறாள். மலர் குடித்தாள்.

ஜூலை 13, சனி

ஐக்கிய சங்கப் பொதுக்கூட்டம். மண்ணெண்ணெய் பற்றிச் சண்டை. நான் சமாதானம் பேசிக்கொண்டிருக்கையில் தந்திப் பியூன் வந்தான். ஆங்கிலத்தில் இரண்டு வரி. என் இங்கிலீசுக்கே விளங்கியது. கறுப்பனுக்கு விசர்தான்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பேச்சை முடித்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது. இன்றைக்குத்தான் நல்லாப் பேசினேன் என்று இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

நேரே கோயிலடி. தந்தியை வாசித்துக் காட்டினேன். பூசாரியார் சூலத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கொழும்பில தலையைப் பிளந்து பாத்தவைக்கு அது ஆற்ற நாயெண்டு தெரியுமோ?"

"அண்ணை, பகிடி இல்லை. செத்துப்போவியள்."

"நான் ஊசி போட்டா இந்தச் சனம் என்ன சொல்லும்? வைரவற்ர வாகனத்துக்கு விசர் பிடிச்சுது, பூசாரி பயந்து ஓடீட்டான் எண்டு. பிறகு ஆர் இஞ்ச விளக்கு வைக்கிறது? நீங்களோ?"

விளக்கு வைக்க நான் வரமாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும்.

ஜூலை 16, செவ்வாய்

மனிசி தானே போனாள். "பூசாரியண்ணை, என்ர பிள்ளையை விடுவிச்ச கை அது. அதுக்காகவாவது வாங்கோ" என்று நிலத்தில் இருந்து அழுதாளாம்.

"பிள்ளையைக் காப்பாத்தின கைக்கு ஒண்டும் வராது தங்கச்சி. எழும்பு. மலர் தண்ணி குடிக்கிறாளோ?"

நான் பேணியோடு நிற்கிற கதை ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது.

ஊர் விதானையாரிடம் கேட்டேன், ஆளைப் பிடித்துக்கொண்டு போக முடியாதோ என்று. "கள்ளனெண்டாக் கட்டலாம், சேர்மன். கடிபட்டவனைக் கட்டச் சட்டம் இல்லை." சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஏற்கனவே ஒன்று போட்டது போதும்.

ஜூலை 20, சனி

நேற்று மலருக்குக் கடைசி ஊசி. இன்று முல்லைத்தீவு வாசிகசாலைத் திறப்பு. ஒரு தந்திரம் செய்தேன். தேவாரம் பாட நல்ல குரல் வேண்டும் என்று பூசாரியாரைக் காரில் ஏற்றினேன். புது வேட்டி, சந்தனம். வழியெல்லாம் நல்ல சந்தோஷம். சாரதிக்குப் பாடிக்கூடக் காட்டினார். காரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாட்டச் சொன்னேன். டாக்குத்தருக்கு முன்னமே சொல்லி வைத்திருந்தேன். "இப்பவும் பிந்தேல்லை, கொண்டு வாருங்கோ" என்றிருந்தார்.

பூசாரியார் போர்டை வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"சேர்மன், மாலை போடவோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள், ஊசி போடவோ?"

"ரெண்டும்தான். இறங்குங்கோ அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

இறங்கினார். நானும் மறுபக்கத்தால் இறங்கி ஓடி வந்தேன். அவர் பஸ் ஸ்ராண்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பின்னால் போய்க் கையைப் பிடித்தேன். பிடித்தது வலக்கை. முகம் சுளித்தார். விட்டுவிட்டேன்.

வாசிகசாலையில் தேவாரம் பாட ஆள் இல்லை. நானே பாடினேன். பாதியில் மறந்துபோனேன். சிரித்தார்கள். என்னையும் சிரிக்கச் சொல்லி ஒரு குரல் உள்ளுக்குள். சிரித்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

தையல் கண்காட்சி. தலையணை உறையில் மயில். நன்று என்றேன். அது மயில் இல்லையாம், வாத்தாம்.

பூசாரியார் சந்தையில். காய் பேரம் பேசுகிறார், கை ஆறிவிட்டது. என்னைக் கண்டதும், "சேர்மன், இன்னும் சாகேல்லை!" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டார். எல்லோரும் சிரிப்பு. ஊசியெல்லாம் சும்மா, வைரவர் இருக்கிறார் என்று இப்போது ஊரில் கதை. எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நம்ப ஆசையாக இருக்கிறது.

மலர் குடித்தாள். "எத்தினை நாளைக்கு அப்பா?" என்று கேட்டாள். தெரியாது, பிள்ளை.

ஜூலை 31, புதன்

சங்க மாதக் கூட்டம். சென்ற கூட்ட அறிக்கையைக் கிளாக்கர் வாசித்தார்: "வைரவர் கோயில் நாய்க்கு மட்டும் விதிவிலக்கு அளிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது." எவரும் தலை நிமிரவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் கையெழுத்து வைத்தேன். நாய் இல்லை, விதிவிலக்கு இருக்கிறது.

ஓகஸ்ட் 7, புதன்

கடும் காற்று. வெயில் கொதிக்கிறது. பொங்கல் அலுவலாகப் பூசாரியார் வீட்டுக்குப் போனேன். கதவு, யன்னல் எல்லாம் அடைத்து உள்ளே இருந்தார். வேர்வையால் தோய்ந்து.

"என்ன அண்ணை, இந்தப் புழுக்கத்துக்குள்ள?"

"காத்து முகத்தில பட்டா என்னவோ செய்யுது, சேர்மன்." வலக்கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இது ரெண்டு நாளா விறைக்குது."

நின்றபடி நின்றேன். அவரும் என் முகத்தில் வாசித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பொங்கல் முடியட்டும். வாறன். நீங்கள் சொல்லுற இடமெல்லாம் வாறன்."

இத்தனை நாளும் கேட்க ஆசைப்பட்ட சொல்.

சைக்கிளில் முல்லைத்தீவுக்கே போனேன். டாக்குத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். "இனி வந்தும்..." என்றார். நோகாமல் வைத்திருக்கலாமாம். அவ்வளவுதானாம்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

பொங்கல். எனக்கு முன்வரிசைக் கதிரை. மாலை.

பூசாரியார் கண் சிவந்து, நெஞ்சில் திருநீறு வழிய நின்றார். நேற்றும் காலையும் போய்க் கெஞ்சினேன். வேறு ஆள் செய்யட்டும் என்றேன். கேட்கவில்லை. பறை தொடங்கியது. சூலத்துக்கு அபிஷேகம். பெடியன் ஒருவன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

வாங்கினார். குடத்துக்குள் பார்த்தார். தொண்டை உள்ளே இழுத்தது. ஒரு சத்தம், நான் கேட்டிராத சத்தம். குடம் விழுந்தது. தண்ணீர் காலில் தெறிக்க, பின்னுக்குப் பாய்ந்து, தலையை ஆட்டி, கையை வீசி...

"உரு வந்திட்டுது! உரு வந்திட்டுது! அரோகரா!"

வைரவர் இறங்கிவிட்டார் என்று சனம் கும்பிட்டு விழுந்தது. பறையை இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒரு மனிசி குளிர்த்த வேண்டுமென்று செம்பில் தண்ணீர் எடுத்து அவர் முகத்தில் அள்ளி ஊற்றினாள். அவர் கத்தினார். சனமும் கத்தியது. நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பறைச் சத்தத்தில் சேர்மனும் அரோகரா சொல்லுகிறார் என்று நினைத்தார்கள்.

முருகேசும் நானுமாகப் பிடித்துக் காரில் ஏற்றினோம். கண்ணாடியை உயர்த்தி, காற்றுப் படாமல் சால்வையால் முகத்தை மூடினேன். என் மாலை அவருடைய கையில் சிக்கியிருந்தது.

ஓகஸ்ட் 10, சனி

கிளாக்கர் காலையிலேயே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டில் இரங்கற் கூட்டம் வைக்க வேண்டி வரும், தலைமைக்கு என் பெயரை எழுதட்டோ என்று கேட்டார். ஆள் இன்னும் இருக்கிறது என்றேன். வெட்கப்பட்டுப் போனார். நல்ல மனிதன். எனக்கும் முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேச்சுத்தான்.

மலருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பூசாரி மாமாவுக்கு ஆர் குடுக்கிறது?" என்றாள்.

ஆஸ்பத்திரி. கடைசி அறை, சாக்கால் யன்னல் மறைத்து இருட்டு. பூசாரியாரின் கைகால் கட்டிலோடு கட்டியிருந்தது. இடையிடையே தெளிவு. உதடு வெடித்துக் கிடந்தது. என்னை அடையாளம் கண்டார்.

"சேர்மன். பிள்ளை குடிச்சவளோ?"

"ஓம், அண்ணை. காலமை முழுப்பேணி."

"அப்ப சரி," என்றார்.

வெளியே வந்தேன். வெயில். தொண்டை காய்ந்து ஒட்டியிருந்தது. அறைக்குப் பின்னால்தான் கிணறு. வாளியைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு, தண்ணீர்ச் சத்தம் உள்ளே அவருக்குக் கேட்கும் என்று வைத்துவிட்டேன்.