உன் முகத்தைக் காட்டி விற்ற மீன்

முதலில் பிள்ளைகளின் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் கூடையை இறக்கும் முன்பே அதைத்தான் கேட்பாய். மூத்த பேத்திக்குப் பம்மல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் ஊசி போட்டால் கைக்குழந்தைகூட அழுவதில்லையாம். பெரிய பேரன் மறைமலை நகர் கார் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. சின்னப் பேத்தி காலேஜ் பேச்சுப் போட்டியில் ஜெயித்து, கோப்பையை டி.வி. மேல் வைத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்தியின் வம்சம் இது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. உனக்கென்று பிள்ளை இல்லாவிட்டாலும் இந்தப் பெருமையில் பாதி உன்னுடையது. என்னோடு மீன்கூடை சுமந்துகொண்டே, நாலு பேருக்கும் முள்ளெடுத்து வாயில் ஊட்டியவள் நீ.

நாலாவது ஆளை வேண்டுமென்றேதான் விட்டேன். சின்னப் பேரன் தினேஷ். அவனும் கெட்டிக்காரன்தான், இஞ்சினியரிங் முடித்தவன்தான். இப்போது கம்ப்யூட்டரில் மீன் விற்கிறான். இன்று காலை, குப்பத்தை விட்டு நாங்கள் குடிவந்த தாம்பரம் வீட்டு வாசலில் அவன் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தான். மீன் வாடை வரவில்லை, பழைய ஐஸ் வாடை வந்தது. உள்ளே கண் வெளுத்துப்போன வஞ்சிரம். அந்த வாடையில்தான் உன் நினைப்பு வந்தது. நீ பார்த்திருந்தால், "இத பூனைக்குப் போட்டா, பூனை நம்ம மேல கேஸு போடும்டி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் காலால் தள்ளியிருப்பாய்.

நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்.

தினேஷின் வெப்சைட் என்பது என்ன என்று உயிரோடு இருந்தவரை நீ கேட்கவில்லை. நல்லவேளை. மீன் வேண்டுமென்பவர்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள், வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதுவரைக்கும் சரி. என் மகனின் படகில் வருகிற மீனை வைத்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். பிறகு எங்கிருந்தோ சுரேந்தர் என்று ஒரு ஆலோசகன் வந்து சேர்ந்தான். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மீன் வியாபாரத்துக்கு வந்த முதல் மனுஷன் அவன்தான். மத்தியையும் அயிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. ஆனால் மீன் வாங்க ஆட்களை வரவழைக்க அவனுக்குத் தெரியுமாம்.

எப்படி வரவழைத்தான் தெரியுமா? வெப்சைட்டில் மேலே மேலே சொருகிக்கொள்கிற சாமான்களுக்கு பிளக்கின் என்று பெயர். அதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகினான். திறந்தவுடனே நாதஸ்வரம் வாசிக்கும், அது ஒன்று. மீன் வாங்க வந்தவளுக்கு எதற்குக் கல்யாண மேளம்? மூடப் போனால் "போகாதீங்க! இன்னிக்கு இறால் சலுகை!" என்று குறுக்கே ஒரு பெட்டி குதிக்கும், அது ஒன்று. வேண்டாம் என்று போகிறவளின் முந்தானையைப் பிடித்து இழுக்கிற வேலையை நம் குப்பத்தில் குடிகாரன்கூடச் செய்ததில்லை. வந்துபோனவர்களை எண்ணும் கணக்கு ஒன்று. ஆரம்பித்த முதல் நாளே அதில் பன்னிரண்டாயிரம் பேர் என்று இருந்தது. "யாருடா இவ்ளோ பேரு?" என்றேன். "அது அங்கேர்ந்துதான் ஸ்டார்ட் பண்ணுவாங்க ஆயா, அப்பதான் கெத்து" என்றான் உன் செல்லப்பிள்ளை. வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதியதாக ஓடுகிற வரிகள் எல்லாமே சுரேந்தர் எழுதியவை. எல்லாப் பாராட்டிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்த நானே கண்டுபிடித்தேன்.

இதற்கெல்லாம் உச்சம் ஒன்று உண்டு. பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாக ஒரு இடம் இருந்தது. தினேஷ் மவுஸால் தேய்த்துக் காட்டினான். வெள்ளையில் வெள்ளை எழுத்தாக "தாம்பரம் மீன் பம்மல் மீன் பொழிச்சலூர் மீன்" என்று முப்பது தடவை எழுதியிருந்தது. மனுஷர் கண்ணுக்குத் தெரியாது, தேடுகிற இயந்திரத்துக்கு மட்டும் தெரியுமாம். கண்ணுக்குத் தெரியாமல் எழுதுகிறவனை நாம் செய்வினைக்காரன் என்போம். இவர்கள் மார்க்கெட்டிங் என்கிறார்கள்.

இத்தனை தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பேரன் கம்ப்யூட்டரில் தொழில் செய்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன்னைப் படம் பிடித்த அன்றும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். படகுகளுக்குப் பக்கத்தில் நீ மணலில் உட்கார்ந்து கூடையில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாய். சுரேந்தர் கேமராவோடு குனிந்து, "கொஞ்சம் சிரிங்க பாட்டிம்மா" என்றான்.

"சும்மா இன்னாத்துக்குடா சிரிக்கணும்? எதுனா நல்லதா சொல்லு, சிரிக்கிறேன்."

"உன்ன ஊரு பூரா பாக்கப் போறாங்க ஆயா" என்றான் தினேஷ்.

"பாத்துட்டு இன்னா பண்ணுவாங்க? என்னப் பொண்ணு கேட்டு வரிசையா வந்துகினு இருப்பாங்களா?"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் பிடித்தான் அந்தப் படுபாவி சுரேந்தர். நல்ல படம். அதைக் கொண்டுபோய் வெப்சைட்டின் நெற்றியில் ஒட்டி, கீழே எழுதினான்: "லட்சுமி பாட்டி. என் பேரப்பிள்ளைகளுக்குத் தருவதையே உங்களுக்கும் தருகிறேன்." உன் பெயர் லட்சுமி இல்லை. உனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. அந்த வியாபாரத்தில் ஒரு நெத்திலியைக்கூட நீ தொட்டதில்லை, கடைசிவரை உன் கூடையோடு உன் வாடிக்கை வீடுகளுக்கு நடந்தாய். ஏன் இவளைப் போட்டாய் என்று தினேஷ் கேட்டதற்கு, "பாட்டின்னா அபார்ட்மென்ட்காரங்க உருகிடுவாங்க" என்றான். கேட்பதற்குப் பிள்ளை குட்டி இல்லாத முகம் என்பதும் அவனுக்குச் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். இருந்த ஒரே ஆள் நான். நானும் கேட்கவில்லை.

நீ போனது செவ்வாய்க்கிழமை விடியலில். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படகு இறங்கவில்லை. எல்லாம் மணலில் ஏறி நின்றன. ஆண்கள் பந்தலுக்குக் கழி நட்டார்கள். தினேஷும் வந்து உன் காலடியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதான். அவன் அழுகையில் பொய் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

அதே நேரம் தாம்பரத்தில், யாரும் ஒரு பட்டனைத் தொடாமல், தினமும் ஏழு மணிக்குத் தானாகச் சேதி போடுகிற பிளக்கின் தன் வேலையைச் செய்தது. உன் சிரித்த முகத்துக்குக் கீழே, "இன்று அதிகாலை எங்கள் படகில் வந்த மீன். லட்சுமி பாட்டி தன் கையால் பொறுக்கியது." எல்லோருக்கும் ஈமெயிலும் போனதாம். ஆர்டர் வந்து குவிந்தது. சுரேந்தர் எங்கேயோ லாரியில் வந்த ஐஸ் மீனை வாங்கிப் பெட்டி பெட்டியாக அனுப்பினான். உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். நீ சேலையூரில் மீன் விற்றுக்கொண்டிருந்தாய்.

மறுநாள் தாம்பரம் வீட்டில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். உன் சேலையூர் டீச்சரம்மா. ரிட்டயர் ஆனபின் கால் வலியால் அவர்களால் வாசலுக்கு வர முடியவில்லை, அதனால் மருமகள் கம்ப்யூட்டரில் வாங்க ஆரம்பித்திருக்கிறாள். உன் முகத்தைப் பார்த்ததும் டீச்சரம்மாதான், "இவகிட்டயே வாங்கு, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று சொன்னார்களாம்.

"நேத்து வந்த மீனை வாயில வைக்க முடியலம்மா. முப்பது வருஷத்துல அவ இப்படிக் குடுத்ததில்ல. அவளை வரச் சொல்லுங்க, நான் நேர்ல கேக்கணும்."

"அவ இல்ல டீச்சரம்மா. நேத்து காலைல பூட்டா."

டீச்சரம்மா மூக்கை உறிஞ்சினார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்கள். "நேத்துன்னா... உங்க குப்பத்துல நேத்து படகே போயிருக்காதே?"

சாவுக்காக வராமல் போன நாட்களில் எல்லாம் மறுநாள் போய்க் காரணம் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டுக்கு நம் வழக்கத்தையே படிப்பித்து வைத்திருக்கிறாய். போனை வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் வாடிக்கைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது அது ஒன்றுதான்.

உன் பதினாறு முடியட்டும் என்று பொறுத்தேன். முடிந்து ஆறு நாளாகிவிட்டது. இன்று காலை அந்தப் பெட்டியை மோந்து பார்த்த கையோடு உள்ளே போனேன். அந்தத் தடித்த கம்ப்யூட்டர் டி.வி.யில் நீ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாய். முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ படத்த எடுங்கடா."

சுரேந்தர் என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தான். குழந்தைக்குச் சொல்வதுபோல, "பாட்டிம்மா, அந்தப் படம் போட்டப்புறம்தான் விசிட்டர்ஸ் டபுள் ஆச்சு. எடுத்தா விழுந்துடும்" என்றான்.

"அவ செத்துட்டாடா."

"அது யாருக்குத் தெரியும்?" என்றவன், என் முகத்தைப் பார்த்து அவசரமாக மாற்றினான். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். படத்துக்கு மாலை போட்டு, பக்கத்துல விளக்கு எரியற மாதிரி ஒரு பிளக்கின் இருக்கு. சென்டிமென்ட் நல்லா போகும்."

அவனைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நம்மிடம் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் மனுஷர்களுக்காக உண்டானவை. தினேஷைத்தான் பார்த்தேன். அவன் தலை குனிந்திருந்தது.

அவனுக்கு உன் கதை ஒன்றைச் சொன்னேன். டீச்சரம்மா வீட்டுக்காரருக்கு நீ கொடுத்த சங்கரா மீனால் வயிறு கெட்டுப்போன கதை. வேறு எவளாக இருந்தாலும் பத்து நாள் அந்தத் தெருப்பக்கம் தலை காட்டமாட்டாள். நீ மறுநாள் முதல் வேலையாக அந்த வீட்டுக் கேட்டில் போய்க் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாய். டீச்சரம்மா வகுப்பு எடுக்கிற மாதிரி திட்டினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு உடம்பு கூசி, பின்னாலிருந்து உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். "வாடி போலாம்."

"இருடி. அவங்க இன்னும் முடிக்கல" என்றாய்.

முடிக்கும்வரை நின்றாய். திரும்பி வரும்போது நான் முணுமுணுத்ததற்கு, "நின்னு திட்டு வாங்க ஆளு இல்லாத எடத்துல எவடி திரும்பி மீன் வாங்குவா?" என்று கேட்டாய்.

இதைக் கேட்ட பிறகு தினேஷ் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். நீ மறைந்தாய். அந்த இடம் காலியானது. சுரேந்தருக்குப் பொறுக்குமா? உடனே எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரி படத்தைக் கொண்டுவந்து வைத்தான். எலுமிச்சைத் துண்டு வைத்த ஒரு மீனைத் தட்டில் ஏந்திக்கொண்டு, யாரையோ காதலிக்கிற மாதிரி பார்க்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாத விரல்கள், நகத்துக்கு ரோஸ் சாயம் வேறு. "இவ எந்தக் குப்பம்டா?" என்றேன். தினேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

படகு போகாத நாளில், இன்று படகு போகவில்லை என்று தானாகச் சொல்கிற பிளக்கின் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று கிடையாதாம். அதைக் கையால்தான் எழுத வேண்டுமாம். எழுது என்றேன். எழுதினான். பெட்டியை மூடி, லாரிக்காரனுக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன். அதையும் செய்தான். இனிமேல் வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்லிவிட்டு சுரேந்தர் தன் கழுத்துப்பட்டையோடு வெளியே போனான். படுத்தாலும் படுக்கலாம். தினேஷ் இதில் போட்டது அவனுடைய மூன்று வருஷம். அது எனக்கும் வலிக்காமல் இல்லை. ஆனாலும் உன்னை நிறுத்தி வைத்து அதைத் தூக்கி நிறுத்த நான் விடமாட்டேன்.

கேட்டில் நீ நின்ற நிற்பு என் காலுக்கு வராது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சேலையூருக்கு நானே போகிறேன். டீச்சரம்மா முடிக்கிறவரை நிற்பேன். அதற்கு முன்னால் தினேஷிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன்.

"அந்த வெள்ளைக்காரிய தூக்கிட்டு என்னப் புதுசா ஒரு படம் எடுத்துப் போடுடா."

"உன்னையா? ஆயா, மீன் கெட்டா எல்லாரும் உன்னத்தான் திட்டுவாங்க. போன்ல இல்ல, வூட்டுக்கே வருவாங்க."

"வரட்டும், நான் உசுரோடதான கீறேன். பேர என் பேராவே போடு, வூட்டு விலாசத்தையும் போடு. சிரின்னு மட்டும் சொல்லாத. இப்பவே எடு, வெளிச்சம் நல்லா கீது."