வெள்ளமே வராத கரையில் பிறந்தவனுக்கு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாயிருப்பீர்கள் என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன், நீ எழுதி நான் படித்து நாலு மாதமாகிறது, பரவாயில்லை, வெளிநாட்டில் பெரிய உத்தியோகக்காரன். பேத்திக்கு இருமல் நின்றதா? காதை மூடாமல் வெளியே அனுப்பவேண்டாம் என்று மருமகளிடம் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, சொன்னால் மூடமாட்டாள்.

இங்கே விசேஷம் என்னவென்றால் பழைய படகுத்துறைக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. கல் கிடங்குகளை இடித்து, பெரிய வாய்க்காலை மண் போட்டு மூடி, பதினெட்டு மாடி கட்டப்போகிறார்களாம். நகராட்சிக் கூடத்தில் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், அதில் ஆறு ஒரு நீலக் கண்ணாடித் துண்டு, எவ்வளவு மழை பெய்தாலும் ஏறாது, நல்ல ஆறு. வாய்க்காலை மூடினால் நிஜ ஆற்றுத் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் வரும், அதனால் முதலில் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்துங்கள் என்று தெருவே மனு எழுதியது. கையெழுத்து வாங்க வந்தவள் யார் தெரியுமா, எதிர்வீட்டுத் தையற்காரி. என் சட்டைத் துணியைக் குட்டையாக வெட்டிவிட்டு உங்க உடம்புதான் ஊதிப்போச்சு என்றாளே, அவளேதான். இருபத்தாறு வருஷம் பேசாதவள் வாசலில் நின்று, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்க்கா, இப்ப கையெழுத்தப் போடுங்க என்றாள். போட்டேன். ஊதிப்போனதை மன்னிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கூட்டம். டை கட்டிய கம்பெனிக்காரர் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு, ஆய்வெல்லாம் தேவையே இல்ல, எங்க வெளிநாட்டு நிபுணர் அறிக்கை குடுத்திருக்கார், அறுபது வருஷமா இந்தக் கரையில வெள்ளமே வந்ததில்ல என்றார். தையற்காரி அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேரையே காணோம்க்கா, கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்துதான் இருக்கு என்று என்னிடம் நீட்டினாள். அறிக்கையைப் படிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஆனால் கோழியைத் தெரியும். பத்தாம் வகுப்பில் அடுப்படிச் சுவர் முழுக்கக் கரியால் போட்டுப் பழகி, கடைசி எழுத்துக்குப் பட்டம் மாதிரி வால் விட்டு, பெரிய ஆளானா இதான்மா என் கையெழுத்து என்றாயே. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் அந்த வால் இன்னும் தெரிகிறது.

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எழுந்து நின்று, தண்ணி வந்த வருஷம் என் சின்ன மகன அந்தக் கிடங்கு மாடியில சாக்கு மூட்டை மேலதான் பெத்தேன், மருத்துவச்சி படகுல வந்தா என்று மட்டும் சொன்னேன். கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே, ஞாபகமெல்லாம் ஆதாரமாகாது பாட்டி, காகிதம் இருக்கா என்றார். காகிதமா? மறுநாள் தகரப்பெட்டியிலிருந்து உன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப்போய் நகராட்சி அதிகாரி மேசையில் வைத்தேன். அதன் ஓரத்தில் அந்தக் காலத்துக் குமாஸ்தா எழுதியிருக்கிறார், அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்து பதினொரு நாள் மூடியிருந்ததால் தாமதமாகப் பதியப்பட்டது என்று. அதிகாரி இரண்டு முறை படித்தார், அனுமதியை நிறுத்தி வைத்தார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மறு விசாரணை, அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் விளக்கம் தரவேண்டுமாம்.

நீ இங்கே வந்து பார்க்காமல், உன் மேலதிகாரி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். இங்கிதம் பார்க்கிற பிள்ளை, சின்ன வயதிலேயே யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வாய். ஐந்தாம் தேதிக்குள் நீயாகவே அதிகாரிக்கு நாலு வரி எழுதிவிடு, அப்போது அது பிழை. எழுதாவிட்டால் அதிகாரியை நம் அடுப்படிக்குக் கூட்டிவந்து சுவரைக் காட்டுவேன், அப்போது அது பொய். தையற்காரி முன்னால் என் தலை குனியும்தான், இருபத்தாறு வருஷம் நிமிர்த்தி வைத்திருந்த தலை, ஆனாலும் காட்டுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை போய்விடுமே என்று பயப்படாதே, போனால் இங்கே உன் பாய் அப்படியேதான் இருக்கிறது. நூறு வயது நன்றாக இரு. ஒன்று மட்டும் யோசித்துப் பார், வெள்ளமே வரவில்லையென்றால் அந்தக் கிடங்கில் நான் பெற்றது யாரை?

படகு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த
உன் அம்மா