கண்ணாடியில் தட்டிய கை

ரெனான்
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அபிசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் சுஜீவாவும் என் பேரன் சாயிசனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்தக் கடதாசியை எடுத்து வைத்தேன். இங்கே நாங்கள் சுகம். முழுச் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். எனக்கு முழங்கால் பழைய கதைதான், அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, டொக்டர் பாணைக் குறைக்கச் சொன்னார், அப்பா பாணைக் குறைத்துவிட்டுக் குரோசாங் சாப்பிடுகிறார், கேட்டால் அது பாண் இல்லையாம். ஒரு கிழமையாகப் பீஸ் என்கிற அந்த வடகிழக்குக் குளிர்காற்று காதை அறுக்கிற மாதிரி அடிக்கிறது. நீ சின்னனில் அந்தக் காற்றில் தொப்பியைப் பறக்க விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தது நேற்றும் ஞாபகம் வந்தது. பிரபாலினி அக்கா தன் பெறாமகளின் கலியாணத்துக்கு உங்கள் ஸ்காபரோவுக்கு வருகிறா, அவவிடம்தான் பார்சலையும் இதையும் கொடுத்து விடுகிறேன். போனில் கதைக்கலாமே என்று நினைப்பாய். கதைத்தால் நீ ஓம் அம்மா, சரி அம்மா என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்தைக் காட்டுவாய், நானும் அவனைக் கண்டதும் சொல்ல வந்ததை எல்லாம் மறந்துவிடுவேன். கடதாசிக்கு முன்னால் பிள்ளையைக் காட்டித் தப்ப முடியாது. சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பாடசாலைக்குப் போய்ப் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நீ, எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை வாசி.

விசயத்துக்கு வருகிறேன். சுஜீவா எல்லாம் சொன்னாள். அதற்காக நீ அவளோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியக் கூடாது, அவள் கோள் சொல்லப் போன் எடுக்கவில்லை, பயத்தில்தான் எடுத்தாள். காலையில் வேலைக்கு முதல் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் இறக்கிவிட இரண்டு பேரும் போகிற வழியில், யாரோ ஒருவர் சிக்னல் போடாமல் உனக்கு முன்னால் புகுந்தாராம். நீ அவரை விரட்டிக்கொண்டு போய், சிவப்பு விளக்கில் காரை விட்டு இறங்கி, அவருடைய கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தாயாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவர் வயசான மனுசன் மாமி, கண்ணாடியைத் திறக்கேல்லை, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு இருந்தவர், இவர் அடிச்சுக்கொண்டே நிண்டவர், பின்னால பிள்ளை கத்துறான்." நீ அடித்தாய் என்றதும் உன்னில் கோபம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது அந்தத் தூக்கிய இரண்டு கைதான். ஏன் என்று சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

தைப் பொங்கலுக்குப் பிறகு நீ எடுத்தபோது, அப்பாவும் நானும் பஸ்ஸிலும் ரயிலிலும் வேலைக்குப் போகிறோம், கார் கராஜில் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா. கார் ஒரு கராஜிலும் நிற்கவில்லை. வீட்டுக்குக் கீழேதான் நின்றது. அப்பா அதைத் தொடவில்லை.

நாங்கள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்குப் போகிற அந்தத் தொழிற்பேட்டை ரோட்டில் ரயர் கடைக்கு அடுத்த கட்டடத்தில் கோவில் இருக்கிறது, உனக்குத் தெரியும், நீ அங்கேதான் சப்பறம் இழுத்தாய். அப்பா அதைக் கடக்கும்போதெல்லாம் என்ன செய்வார் என்பதும் தெரியும். தூரத்தில் கோவில் போர்ட் தெரிந்ததும் கால் தானாக பிரேக்கில் போகும், கார் நடக்கிற வேகத்துக்கு வரும், ஒரு கை ஸ்ரியரிங்கில், மற்றக் கை நெஞ்சில், வாய் முணுமுணுக்கும். ஊரில் லொறி ஓட்டிய காலத்துப் பழக்கம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கும்பிடாமல் எந்த லொறியும் அந்த ரோட்டால் போகாது. அங்கே பின்னால் வருகிறவனும் கும்பிடத்தான் நிறுத்துவான், இங்கே பின்னால் வருகிறவன் வேலைக்குப் பிந்துகிறவன். நான் எத்தனை நாள் சொல்லியிருப்பேன், பிள்ளையார் பொறுமைசாலி, பின்னால் வருகிறவன் பொறுமைசாலி இல்லை, வீட்டில் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று. கேட்கிற ஆளா அவர்.

மேலே ஏணி கட்டிய ஒரு வெள்ளை வான், பெயின்ற் அடிக்கிறவர்களுடையது, கார்த்திகையிலிருந்து தினமும் எங்களுக்குப் பின்னால் வரும். கோவிலடியில் நாங்கள் மெதுவாகப் போக அது ஹோர்ன் அடிக்கும். பிறகு லைற் அடிக்கும். பிறகு எங்கள் பம்பரை முத்தமிடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அப்பாவின் மூக்கு நுனிக் கோபம் உனக்குத் தெரியாததா, உனக்கு வந்ததே அங்கேயிருந்துதானே. அவன் ஹோர்ன் அடிக்க அடிக்க இவர் வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போனார். "பிள்ளையாருக்கு முன்னால இவனுக்கு என்ன அவசரம்" என்று எனக்குச் சொல்லுவார். அவனுக்கும் வேலைத்தலத்தில் ஏச்சு விழும்தானே, அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொன்னால் நீ ஆருடைய ஆள் என்று என்னோடு பாய்வார். எரிகிற நெருப்பில் இரண்டு பேரும் மாறி மாறி எண்ணெய் ஊற்றினார்கள். நான் நடுவில் சீற் பெல்ற்றோடு இருந்தேன்.

பொங்கலுக்கு அடுத்த கிழமை ஒரு காலை, இன்னும் இருட்டு, அவன் கோவில் தாண்டியதும் எங்களை முந்திப் போய் வானைக் குறுக்கே நிறுத்தினான். தாடி வைத்த பெடியன், உன் வயதுதான் இருக்கும். இறங்கி வந்து அப்பாவின் பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தான், என்னவோ கத்தினான். சரி, இவர் இறங்கி அடிபடப் போகிறார், இன்றைக்குப் பொலிஸ்தான் என்று நான் அப்பாவின் ஜக்கற்றை இறுக்கிப் பிடித்தேன். அப்பா இறங்கவில்லை மகன். என்ஜினை நிறுத்தினார். உள் லைற்றைப் போட்டார். இரண்டு கையையும் ஸ்ரியரிங்குக்கு மேலே, விரல்களை விரித்து, தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியை இறக்கி, மெதுவாக ஒரு கையை உள்பொக்கற்றுக்குள் விட்டு, வதிவிட பெர்மிற் காட்டை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு அவனிடம் நீட்டினார். வாயிலிருந்து பிரெஞ்சு வரவில்லை. "மாத்தையா" என்றார். உனக்கு அந்தச் சொல் தெரிந்திருக்காது. சிங்களத்தில் ஐயா என்று சொல்வது. ஊரில் ஆமிச் சென்றியில், அதுதான் சோதனைச் சாவடியில், லொறியை மறித்துக் கண்ணாடியில் தட்டினால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்லி அடையாள அட்டையை நீட்டுவார்கள். கை தெரிய வேண்டும், லைற் எரிய வேண்டும், காட் உடனே வர வேண்டும், ஒன்று பிழையானாலும் ஆள் வீட்டுக்கு வராது. பிள்ளையாருக்குக் கால் பிரேக்கில் போவதும், தட்டின சத்தத்துக்குக் கை பொக்கற்றில் போவதும் அவர் ஒரே ரோட்டில் பழகினவை. நான் முதலாவதைத்தான் இவ்வளவு காலமும் கண்டிருந்தேன்.

அந்தப் பெடியன் காட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அடிக்கத் தூக்கின கை அப்படியே நின்றது. நான் பொலிஸ் இல்லை மிசியூ என்று பிரெஞ்சில் சொன்னான். அப்பா காட்டை நீட்டியபடியே இருந்தார். உள்ளே வையுங்கள் மிசியூ, தயவு செய்து உள்ளே வையுங்கள் என்று அவன் திரும்பவும் சொன்னான். நான்தான் காட்டை வாங்கி என் மடியில் வைத்தேன். அவன் போய் வானில் ஏறி, எடுக்கத் தெரியாதவன் மாதிரி அப்படியே இருந்தான். பின்னால் வந்த கார்கள் எல்லாம் எங்களுக்கும் அவனுக்கும் சேர்த்து ஹோர்ன் அடித்தன.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கை தானாப் போயிட்டுது, பரமேஸ்." அதற்குப் பிறகு கார்த் திறப்பைச் சாமித் தட்டில் வைத்துவிட்டார். பஸ் பிந்தினால் ஊரையே ஏசுகிற மனுசன் காற்றுக்குள் வாய் திறக்காமல் நின்றார். அதைப் பார்க்க, இவர் யாரையாவது ஏசினால் நல்லது என்று எனக்கு இருந்தது. அபிசன், நீ அப்பாவின் கோபத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவருடைய பயத்தை நீ ஒரு நாளும் கண்டதில்லை. இத்தனை வருசம் பக்கத்தில் இருந்த நானே அன்றுதான் கண்டேன். ஆண் பிள்ளை என்றால் ரோட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவரைப் பார்த்து நீ பழகியிருப்பாய், அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன கிடந்தது என்று உனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை என் முழங்காலைச் சாட்டி, இன்றைக்கு என்னால் பஸ் ஏற ஏலாது என்று கட்டிலில் இருந்துவிட்டேன். அவ்வளவு நோ இல்லை, அப்பாவுக்கும் தெரியும். சாமித் தட்டில் இருந்து திறப்பை எடுத்தார். கோவிலடி வரக் கால் பிரேக்கில் போகத்தான் செய்தது. ஆனால் சிக்னலைப் போட்டு ரயர் கடை முற்றத்தில் ஒதுக்கி நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் போக, ஆறுதலாக இரண்டு கையாலும் கும்பிட்டார். இந்தப் புத்தி முதலே வந்திருக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அப்போது அந்த ஏணி வான் வந்தது. எங்களைக் கண்டதும் மெதுவாகியது. அப்பாவின் கைகள் ஸ்ரியரிங்குக்கு மேலே போனதை நான் பார்த்தேன். அந்தப் பெடியன் கண்ணாடிக்குப் பின்னால் கையை உயர்த்திக் காட்டினான், சின்னதாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, காட்டிவிட்டுப் போனான். அப்பா கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத் தானும் கையை உயர்த்தினார். அதற்குள் வான் எங்கேயோ போய்விட்டது. போன வானுக்குக் கை காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று இல்லத்துச் சமையலறையில் எல்லோருக்கும் அப்பா சொன்னது இந்தக் கதைதானாம், நான் துணி மடிக்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டது.

உன்னுடைய விசயம் அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கோபிப்பார் என்று பயந்து இல்லை, திரும்பவும் பேசாமல் போய்விடுவாரோ என்றுதான். எப்போதாவது சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது கார் எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள், அவருக்கு அது போதும். பார்சலில் தூள் இருக்கிறது, சுஜீவாவிடம் சொல்லிக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல், சொக்கிலேற்றைச் சாயிசனுக்கு ஒரே நாளில் கொடுத்துவிடாதே. காலையில் கொஞ்சம் வெள்ளன வெளிக்கிடு மகன், பாதிக் கோபம் பிந்துகிறதால்தான் வருகிறது. யாராவது குறுக்கே புகுந்தால் புகட்டும், அவனுக்கு என்ன அவசரமோ. இறங்க வேண்டும் போல இருந்தால் கண்ணாடியில் பின்னால் இருக்கிற பிள்ளையை ஒருதரம் பார். உன் உள்ளங்கையை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். காய்ச்சல் நேரம் என் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கின கை அது, அது கெட்ட கை என்று எனக்கு ஒருவரும் சொல்ல முடியாது.

பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் வழித்துணையாக நின்று காப்பாற்றட்டும், போகிற இடமெல்லாம் போனபடியே திரும்பி வாருங்கள். ஒன்றை மறக்காதே. நீ தினமும் அதே ரோட்டால்தான் போகிறாய், அந்த வயதான மனுசரும் அந்த நேரத்துக்கு அதே ரோட்டால்தான் வேலைக்குப் போகிறவராக இருக்கும். அவர் எந்த நாட்டில் எந்தச் சென்றியைக் கடந்து வந்தாரோ, எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் கை அவருக்குக் கண்ணாடியில் அடித்த கையாகத்தான் இன்றைக்கும் தெரியும். ஒரு நாள் எங்காவது அவரைக் கண்டால், காருக்குள் இருந்தபடியே, அந்த வான் பெடியன் காட்டின மாதிரி, அவருக்கு அந்தக் கையைக் காட்டு.

உன் அம்மா,
பரமேஸ்வரி