ஆறு வேளைக் காகிதம்

மதுரை
8-8-1973

அன்புள்ள துளசிராமுக்கு அம்மாவின் ஆசிகள். நானும் வசுந்தராவும் இங்கே நல்ல சுகம். அங்கே பிலாயில் மழை வந்து நீயும் கோமளாவும் குழந்தைகளும் ஒருவழியாக வெயிலிலிருந்து தப்பித்தீர்கள் என்று உன் கடிதத்தில் பார்த்து நிம்மதி அடைந்தேன். கடிதம் என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது சிறு வயதிலிருந்தே உன் கெட்ட வழக்கம். அதனால் சொல்லிவிடுகிறேன், வசுவுக்கு மெடிகல் காலேஜில் இடம் கிடைத்ததா இல்லையா என்பது கடைசிப் பக்கத்தில் இல்லை. முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வா, உரிய இடத்தில் வரும்.

வசு பி.யு.சி. பரீட்சை எழுதி முடித்ததும் நீ ஏப்ரலில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாயே, அது இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. இன்டர்வியூவில் விளையாட்டுக்கும் சமூக சேவைக்கும் தனியாக மார்க் உண்டு, மூன்று மாத லீவில் அவளைச் சும்மா உட்காரவிடாதே, நீச்சல், டென்னிஸ், முதலுதவி, ஆங்கிலப் பேச்சு என்று எழுதியிருந்தாய். உனக்கு இருபது வருஷம் பிந்திப் பிறந்தவள் என்பதால் அண்ணனாக இல்லாமல் அப்பாவாகவே நடந்துகொள்கிறாய், உன் அப்பா போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீச்சலுக்கு நான் தண்ணீருக்கு எங்கே போவேன்? வைகையில் மணல் ஓடுகிறது. டென்னிஸ் ஆடப் பெண்களுக்குக் காலை ஐந்தரை மணி என்றார்கள், மூன்றாம் நாளே எழுந்திருக்கவில்லை. முதலுதவி வகுப்பு எட்டு நாள் ஒழுங்காகப் போனாள். வீட்டில் பழக என்னைத் தவிர ஆள் இல்லாததால் ஒருநாள் என் இரண்டு கைகளையும் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டு, சேஃப்டி பின்னைத் தேடப் போனவள் ஏதோ புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பால்காரர் வந்து, என்ன பாட்டியம்மா, ரெண்டு கையும் போச்சா, நேத்துக்கூட நல்லாத்தானே கணக்குக் கேட்டீக என்று பதறிப்போய்விட்டார். ஆங்கிலப் பேச்சுக்கு மட்டும் வெளியே அனுப்பவில்லை, அதற்கு நான் இருக்கிறேன்.

எதிர்வீட்டு நாகசுப்பிரமணியன் இருக்கிறாரே, சாயப்பவுடர் வியாபாரம், அவர் பையனும் மெடிகலுக்குத்தான் போட்டிருந்தான். அவர் ஒரே வாரத்தில் பையனுக்கு நீச்சல் சர்டிபிகேட் வாங்கிவிட்டார். பையன் குளிப்பதே தாயார் நாலு தடவை கத்திய பிறகுதான். வசுவுக்கும் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார், அக்கா நீங்க பேரை மட்டும் எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன் என்றார். என் வீட்டுக்குள் பொய்க் காகிதம் ஒன்றும் வராது, நான் படித்தது கான்வென்ட்டில் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதை நீ நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகுதான் எனக்குக் காளவாசல் டாக்டர் வெள்ளைத்துரை ஞாபகம் வந்தது. உன் அப்பாவுக்குக் கடைசி வருஷத்தில் ஊசி போட வந்தவர், பழைய எல்.எம்.பி. படிப்பு, சர்க்கார் வேலையில் ரிடயர் ஆகி, அந்த முக்கில் சின்ன டிஸ்பென்சரி வைத்திருக்கிறார். செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவரிடம்தான் வருவார்கள். இவளைக் கொண்டுபோய் விட்டேன். சர்டிபிகேட்டுக்காக வந்தா வேலை செய்யணும், வேலை செஞ்சாலும் நான் பாத்ததைத்தான் எழுதுவேன் என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. மே மாதம் முதல் தேதியிலிருந்து தினமும் காலை எட்டு முதல் ஒரு மணி வரை, சீட்டு எழுதுவது, பாட்டில் கழுவுவது, பாட்டிலுக்குக் காகிதம் ஒட்டுவது அவள் வேலை.

இந்தக் காகிதத்தில்தான் கதையே இருக்கிறது. மிக்ஸ்சர் மருந்து வாங்கப் பாட்டிலை ஜனங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள், எண்ணெய் பாட்டில், சர்பத் பாட்டில், எது கிடைக்கிறதோ அது. கம்பவுண்டர் மலைச்சாமி ஆறு வேளைக்கான மருந்தை ஊற்றி, மருந்து எவ்வளவு உயரம் நிற்கிறதோ அந்த உயரத்துக்கு ஒரு காகிதத்தைக் கிழித்து, ஆறாக மடித்து, ஓரத்தில் கத்தரியால் கொத்திப் பாட்டிலின் மேல் ஒட்டுவார். ஒரு கொத்து ஒரு வேளை, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பழைய காலண்டர் தாள், கோணல் மாணலாக ஒரு வெட்டு, விரலெல்லாம் பசை. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசாக வாங்கிய என் அடிக்கோலை எடுத்து, கெட்டி வெள்ளைத் தாளில் சரியாக நாலு அங்குலம், ஆறு சம பாகம், ஒரு மயிரிழை பிசகாமல் இருநூறு காகிதம் வெட்டிக் கொடுத்தனுப்பினேன். மலைச்சாமி அதைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு தாயி, இத மருந்து பாட்டில்ல ஒட்டவா, பூசை ரூம்புல ஒட்டவா என்று கேட்டாராம். கேலி என்று எனக்கு அப்போது தெரியவில்லை, பெருமையாக இருந்தது.

வைகாசித் திருவிழாவுக்கு மலைச்சாமி மூன்று நாள் ஊருக்குப் போனார். டாக்டரே நோயாளியையும் பார்த்து மருந்தையும் ஊற்ற வேண்டியதாயிற்று, கூட்டமோ வாசல் வரை. வசு நேரம் மிச்சம் பிடிப்பதற்காகக் காலையிலேயே வந்த பாட்டில்களை வாங்கிக் கழுவி, மருந்து ஊற்றுவதற்கு முன்பே என் காகிதத்தை ஒட்டி வரிசையாக வைத்துவிட்டாள். நீ என்ஜினீயர், உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்கு அப்போது புரியவில்லை. ஒல்லிப் பாட்டிலில் மருந்து நாலு அங்குலம் நிற்கும், காகிதம் சரி. வயிறு பெருத்த பாட்டிலில் அதே மருந்து இரண்டு அங்குலம்தான் நிற்கும். அங்கே மேல் மூன்று கொத்தும் வெறும் கண்ணாடியில் இருக்கும், மருந்துக்கு எதிரே மூன்றுதான். அப்படியானால் ஒரு கொத்துக்குக் குடித்தால் இரண்டு வேளை மருந்து உள்ளே போய்விடும்.

நாலாம் நாள் ஒச்சாயி என்று ஒரு அம்மாள் காலிப் பாட்டிலோடு வந்து நின்றாள். புருஷன் மொக்கையனுக்கு இருமல் மருந்து வாங்கிப் போனவள். ஆறு வேளைன்னீக, மூணு வேளையில தீந்துபோச்சு, ஆனா மருந்து நல்ல மருந்து தாயி, குடிச்ச மனுசன் ரெண்டு நாளா எந்திரிச்சு என்னைய ஒரு வார்த்த வையல, வீடு எம்புட்டு அமைதியா இருக்குங்கிறீக, இன்னும் ஒரு பாட்டில் குடுங்க என்றாளாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வசு பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். பிறகு சீட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்று நாளில் ஒட்டியவற்றில் வயிறு பெருத்த பாட்டில் யார் யாருடையது என்று யோசித்து யோசித்துப் பன்னிரண்டு பேரைக் குறித்தாள். மொக்கையனை டாக்டர் பார்த்துக்கொண்டார், அவன் போக மீதி பதினொன்று. திரும்பி வந்திருந்த மலைச்சாமியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினாள்.

அன்று ஆறு வீடு ஆயிற்று. மறுநாள் ஐந்து வீட்டுக்கு நானும் போனேன். வயதுப் பெண்ணை இப்படி அனுப்பக் கூடாது என்று மலைச்சாமியிடம் காரணம் சொன்னேன், உன்னிடம் அந்தப் பொய்க் காரணத்தைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் இவள் போய், நான்தான் தப்பா ஒட்டினேன், மன்னிச்சுக்கோங்க என்று சொல்லி, பழைய காகிதத்தை நனைத்துக் கிழித்துவிட்டு, மிச்ச மருந்துக்கு மடித்துக் கொத்திய புதுக் காகிதம் ஒட்டினாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நான்தான் வெட்டினேன் என்று ஒரு வீட்டிலும் என் வாய் திறக்கவில்லை. எட்டாவது வீட்டில் தங்கப்பொண்ணு என்கிற சின்னப் பெண், நாலு வயதுக் குழந்தைக்குக் காலையில் மருந்து கொடுத்திருந்தாள். நாங்கள் போனபோது உச்சி வேளை, குழந்தை இன்னும் தூங்குகிறது, எழுப்பினால் கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறது. மலைச்சாமி யாரிடமோ சைக்கிள் வாங்கிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார். வசு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். தங்கப்பொண்ணு எங்களைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஒரு மணி நேரம் போல ஆயிற்று. டாக்டர் கார் வந்து நிற்கிற சத்தத்தில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து, இந்தக் கெழவி யாரு என்று கேட்டுவிட்டு, தாயிடம், பசிக்குது ஆத்தா என்றது. டாக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றும் பயமில்லை என்றார். ராம், உன் அப்பா போன அன்றுகூட நான் பிறர் முன்னால் அழவில்லை. அன்று அந்த வீட்டில் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஜூன் முடிந்ததும் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். இரண்டு மாதம் வேலை செய்தாள், சீட்டு எழுதினாள், பாட்டில் கழுவினாள், அளவுக் காகிதம் ஒட்டுவதில் தவறு செய்தாள், தவறு தெரிந்த அன்றே யாரும் சொல்லாமல் பதினொரு வீட்டுக்குப் புறப்பட்டுத் திருத்தினாள் என்று ஆங்கிலத்தில் நாலே வரி. டாக்டருக்குப் படிக்கப் போகிறவள் மருந்தில் தவறு செய்தாள் என்று எழுதிய காகிதத்தை நீட்டினால் யார் இடம் கொடுப்பார்கள்? வசுவுக்குத் தெரியாமல் ரிக்‌ஷா பிடித்துக் காளவாசலுக்குப் போனேன். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எடுத்துறலாம்மா, ஆனா அடுத்த வரியும் சேந்து போயிரும், பாட்டில் கழுவினது மட்டுந்தான் நிக்கும், பரவாயில்லையான்னு பாப்பாகிட்டக் கேட்டுட்டு வாங்க என்றார். வந்து கேட்டேன். கோபம் வந்தால் அவள் வீட்டில் பேசுகிற நம் பாஷையை விட்டுத் தமிழுக்குப் போய்விடுவாள் என்று உனக்குத் தெரியும். நாலாம் கிளாஸ்ல டீச்சர் கூட்டல் தப்பி எனக்கு ரெண்டு மார்க் கூடப் போட்டதுக்கு, வெயில்ல திரும்ப நடக்க வச்சுக் கொறச்சு வாங்கிட்டு வரச் சொன்னது யாரும்மா, எதிர்வீட்டு மாமாகிட்ட நான் படிச்சது கான்வென்ட்டுன்னு சொன்னது யாரு என்றாள். நான் சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைக் கழுவினேன்.

ஜூலையில் இன்டர்வியூ. எதிர்வீட்டுப் பையனை, மதுரையில் எங்கே நீந்தினாய் என்று கேட்டார்களாம். தெப்பக்குளத்தில் என்றானாம். அதில் தண்ணீர் இருந்தது எந்த மாதம் என்று கேட்டார்களாம். இதை நாகசுப்பிரமணியன் அவரே வந்து சொல்லி அவரே சிரித்தார், நல்ல மனுஷர். இவள் முறை வந்தபோது கமிட்டியில் இருந்த ஒரு லேடி டாக்டர் சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, இவ்வளவு துல்லியமாக அந்தக் காகிதங்களை வெட்டியது யார் என்று கேட்டார்களாம். ஒட்டினது நான் மேடம், பாட்டிலைப் பார்க்காமல் ஒட்டினேன் என்றாளாம். இப்போது எப்படி ஒட்டுவாய் என்று மேஜையில் இருந்த தண்ணீர்க் கூஜாவைக் காட்டினார்களாம். கண்ணாடிக் கூஜா, நல்ல வயிறு. இவள் ஒரு தாள் கேட்டு வாங்கி, தண்ணீர் நிற்கிற உயரத்துக்குக் கிழித்து, ஆறாக மடித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, இது அடியில் அகலம் அதிகம், அதனால் கீழ்க் கொத்துகளை நெருக்கி வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கத்தரி கேட்டாளாம். கத்தரி இல்லை, பல்லால் கடித்தாள் என்று மலைச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது பொய், நகத்தால் கிள்ளினாள். வெட்டியது யார் என்ற கேள்விக்கு மட்டும் அவள் கடைசி வரை பதில் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் வெட்டியது நான் என்று உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் கார்டு வந்தது. இடம் கிடைத்துவிட்டது ராம், திருநெல்வேலியில். மதுரை கிடைக்கும் என்று இருவருமே நினைத்திருந்தோம், ஆனால் கிடைத்த இடத்தில் படிக்க வேண்டியதுதான். மாதக் கடைசியில் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும், நீ லீவு போட்டு வர வேண்டாம், நானும் மலைச்சாமியும் போய்வருவோம். எதிர்வீட்டுப் பையன் பி.எஸ்ஸி. சேருகிறான், அவனையும் நினைத்து ஒரு வரி நாகசுப்பிரமணியனுக்கு எழுது.

வீட்டில் அம்மா தனியாக இருப்பாள், பிலாய்க்கு வரச் சொல்ல வேண்டும் என்று நீயும் கோமளாவும் பேசிக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். தீபாவளிக்கு வருகிறேன், அதற்கு முன்னால் முடியாது. திங்கள், புதன், வெள்ளி எனக்கு வேலை இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை காளவாசலுக்கு நானாகப் போய், காகிதம் வெட்டியது நான்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். தெரியும்மா, அந்த மாதிரி நேர்கோடு பதினேழு வயசுல யாருக்கும் வராது என்றார். பிறகு மலைச்சாமி எனக்கு ஒரு ஸ்டூலும் கத்தரியும் பழைய காலண்டரும் கொடுத்தார். உக்காருங்கம்மா, மொதல்ல பாட்டிலப் பாருங்க, அப்புறம் வெட்டுங்க என்றார். அன்று முப்பத்திரண்டு பாட்டில் ஒட்டினேன். ஒவ்வொன்றும் கோணல்தான், அளவு சரி. அடிக்கோலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீயும் கோமளாவும் குழந்தைகளும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று மீனாக்ஷியை வேண்டிக்கொள்கிறேன். வசுவுக்கு ஒரு நல்ல பேனா வாங்கி அனுப்பு. எனக்குப் பிலாயில் சின்னக் கத்தரி, முனை வளைந்தது கிடைத்தால் ஒன்று, மலைச்சாமியின் கத்தரி மொட்டை. குழந்தைகளுக்கு இருமல் மருந்து கொடுக்கும்போது பாட்டிலைப் பார்த்துக் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
சாரதாம்பாள்