யானை உரசும் சுவர்

1981

நவம்பர் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பழைய படங்கள் மாட்டியிருக்கிற சித்திர மாளிகையில் இந்த வருடம் ஏழு இடத்தில் ஒழுகுகிறது. போன வருடம் ஐந்து. காப்பாளர் சுயம்புலிங்கம் தன் வீட்டுக் குண்டான், போகணி, சருவச்சட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடத்தில் பரப்பியிருந்தார்.

“இன்னைக்கு வீட்டுல உல வைக்கப் பானை இல்ல அண்ணாச்சி. வீட்டுக்காரி வையுதா” என்றார்.

வடக்குச் சுவர் ஓவியத்தைப் பார்த்தேன். தெப்பத்திருவிழாவைச் சுவர்ச் சாந்தின் மேலேயே வரைந்தது. இதுவரை நனையவில்லை. உத்திரம் விழுந்தால் நனையும்.

எங்கள் பத்திரிகைக்குப் பதினோரு வரி எழுதினேன். “உத்திரங்களைக் கறையான் அரித்துள்ளது. சுவர்கள் உறுதியாக உள்ளன. பொதுப்பணித்துறை கவனிக்குமா எனப் பார்வையாளர்கள் கேட்கின்றனர்.” கவரை மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாயிற்று. மாளிகையைப் பற்றி வருடம் ஒரு செய்தியாவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நவம்பர் 12, வியாழன்

வந்திருக்கிறது. ஆறாம் பக்கம், நாலு வரி, சிவகிரி பஸ் நேர மாற்றத்துக்குக் கீழே.

துரைப்பாண்டி நிருபராக இருக்கும் பத்திரிகையில் அதே மாளிகை, முதல் பக்கம், நாலு பத்தி அகலத்துக்குப் படம். கூடத்துக்குள்ளே சுயம்புலிங்கம் நின்றுகொண்டு ஒரு ராணியின் படத்துக்குக் குடை பிடிக்கிறார். தலைப்பு: “இடிந்து விழும் நிலையில் சித்திர மாளிகை!”

இடிந்து விழும் நிலையா? யார் சொன்னார்கள்? உள்ளே “நூறாண்டுப் பழமை” என்று வேறு. கட்டியது 1893. எண்பத்தெட்டு.

பையன் இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. புளியங்குடியில் அப்பாவுக்கு எலுமிச்சை கமிஷன் கடை. மோட்டார் சைக்கிளும் கேமராவும் அந்தக் கடை தந்தவை.

சாயங்காலம் மாளிகைக்குப் போய், “அன்றைக்கு நான் வந்தபோது குடை இல்லையே?” என்று கேட்டேன்.

“அது அந்தத் தம்பி குடை அண்ணாச்சி. சும்மா பிடிங்கன்னாரு, பிடிச்சேன். படத்துல நான் கொஞ்சம் எளைச்ச மாதிரி இருக்கேம்லா?”

நவம்பர் 13

குடை எனக்கு ஏன் தோன்றவில்லை?

1982

பிப்ரவரி 3, புதன்

சென்னையில் அறிவிப்பு. சித்திர மாளிகைக்கு நாலு லட்சம் ரூபாய் அரசு ஒதுக்கீடு. அமைச்சர் பேசும்போது குடைப் படத்தைக் கையில் தூக்கிக் காட்டினாராம்.

தேரடி டீக்கடையில் காலையிலிருந்து இதே பேச்சு. கடைக்காரர் மைதீன் பாட்சா அந்தப் படத்தைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேல் ஒட்டிவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, நம்ம தொரப்பாண்டி ஒத்தப் படத்துல சாதிச்சிட்டாம்லா?”

நம்ம துரைப்பாண்டி! புளியங்குடிக்காரன் எப்போது நம்மவன் ஆனான்?

“சந்தோஷம்” என்றேன். டீயில் சீனி கூடிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். கூடவில்லை.

பிப்ரவரி 4

மனைவி முத்துமீனாள் கேட்டாள்: “நீங்க இத்தன வருசமா கத்துனதுதான, யாரு எழுதுனா என்ன? காசு வந்துட்டுல்லா?”

அவள் சொல்வது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்று பிரியம் இல்லை.

பிப்ரவரி 19, வெள்ளி

ஒதுக்கீட்டுச் செய்தியை அனுப்பும்போது துரைப்பாண்டியின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. செய்திக்கு அது தேவையில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்று வழியில் பார்த்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அண்ணாச்சி, ஒங்க செய்தியப் பார்த்தேன். தொகை, தேதி, ஆணை எண்ணு எல்லாம் ஒங்களதுலதான் சரியா இருந்தது. எங்க ஆபீசுல அத வச்சுத்தான் திருத்தினாங்க” என்றான். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 21, புதன்

பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர் வந்தார். கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை. உள்ளே பத்து நிமிஷம். பழுதுபார்ப்பு இல்லை. “ஆபத்தான கட்டடம்” என்று எழுதப் போகிறார். முழுவதும் இடித்துவிட்டு, அதே பணத்தில் புதிய கான்கிரீட் கட்டடம்.

சுவர் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். கோப்பைத் திறந்து காட்டினார். மேலேயே துரைப்பாண்டியின் செய்தி.

“பாருங்க சார். இடிந்து விழும் நிலைன்னு ஊர் பூரா படிச்சிருக்கு, அமைச்சரே படிச்சிருக்காரு. இதுக்குப் பிறகு நான் ரிப்பேர்னு எழுதி, நாளைக்கு ஒரு செங்கல் எவன் தலையிலயாவது விழுந்தா என் வேலையில்ல போகும்?”

உண்மையை எழுதிவிடுகிறேன். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். துரைப்பாண்டியின் ஒரு வார்த்தை. போதும், மாட்டிக்கொண்டான். இனி ஊர் அவனைப் பார்த்துக் கேட்கட்டும். தேரடி வரை அந்தச் சந்தோஷத்தோடுதான் நடந்தேன்.

பிறகு சுயம்புலிங்கம் பின்னாலேயே ஓடிவந்தார். மூச்சு வாங்குகிறது. “படத்த எல்லாம் கழட்டி எங்கனயாவது வச்சுக்கிடலாம். சுவர எப்படி அண்ணாச்சி கழட்டுதது?”

தெப்பம், தெப்பத்தில் சாமி, படித்துறையில் நிற்கிற அத்தனை முகங்களும் சுவரோடு போய்விடும்.

ஏப்ரல் 23, வெள்ளி

மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். சுவர் இரண்டேகால் அடி கனம், சுண்ணாம்புக் காரை, ஒரு விரிசல் இல்லை, உத்திரத்தையும் மட்டப்பாக் கூரையையும் மட்டும் மாற்றினால் போதும் என்று செய்தி அனுப்பியிருப்பதைச் சொன்னேன். செய்தி ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார்.

“இடிஞ்சா சொல்லுங்கண்ணே, முதல் பக்கம் தாரேன். இடியாம நிக்கிறது எப்படிண்ணே செய்தியாகும்?”

ஏப்ரல் 30

வரவில்லை. இனி அந்தச் செய்தி வராது.

மே 4, செவ்வாய்

வெயில். டீக்கடையில் நல்ல கூட்டம். துரைப்பாண்டி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது. “இடிக்கப் போறாவளாமே அண்ணாச்சி? நான் அப்படியா எழுதுனேன்?”

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஆறாம் பக்கத்தில் கிடந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது போல. கடை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னேன்:

“ஏன் வே, கோயில் ஆனை தெனம் வந்து முதுகு சொறியுத சுவரு அது. ஆனை ஒரசி விழாத சுவரு, ஒம்ம பேனா ஒரசியா விழப்போகுது? ஆனா விழத்தாட்டிட்டீரே வே!”

கடை சிரித்தது. மைதீன் பாட்சா வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. சொல்லக் கூடாது, ஆனால் குளிர்ந்தது.

துரைப்பாண்டி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. டம்ளரைப் பாதி வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

“அண்ணாச்சி, அந்த ஆனை எத்தன மணிக்கு வரும்?”

மே 7, வெள்ளி

முதல் பக்கம்.

குளித்துவிட்டுத் திரும்புகிற யானை, வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் முழுப் பாரத்தையும் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உரசுகிறது. பாகன் ஒதுங்கி நின்று வெற்றிலை போடுகிறான். சுவரில் யானையின் உயரத்துக்கு நீளமாக ஒரு பட்டை. வருடக்கணக்கில் உரசி உரசிக் கருத்து, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிறது. தலைப்பு: “யானை சாய்ந்தும் சாயாத சுவர்!” கீழே: “யானைக்கு வராத ஆபத்து அரசுக்கு வருமா?”

கட்டடமே விழும் என்று நவம்பரில் எழுதியவன் இப்போது கூரை மட்டும்தான் பழுது என்கிறான். நடுவில் ஒரு வாக்கியம்: “சுவர்கள் உறுதியாக உள்ளன.” அது என் வாக்கியம். யானையும் என் யானை. கடையில் அத்தனை பேர் கேட்டார்கள்.

மைதீன் பாட்சா குடைப் படத்துக்குப் பக்கத்தில் யானைப் படத்தையும் ஒட்டிவிட்டார். “நீங்க சொன்னதத்தான போட்டிருக்கான், அண்ணாச்சி?” என்றார். கேட்டதற்கு நன்றி, பாட்சா. ஆனால் படத்துக்குக் கீழே என் பெயர் இல்லையே.

மே 8

தினமும் காலையில் அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போகிறேன். யானை உரசுவதை எத்தனை முறை ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறேன்? பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து “இரண்டேகால் அடி கனம்” என்று எழுதியிருக்கிறேன்.

அவன் திருடவில்லை. கீழே கிடந்ததை எடுத்தான். போட்டுவிட்டு நடந்தது நான்.

இதை எழுதிவிட்டதால் பொறாமை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூன் 10, வியாழன்

ஆட்சியர் படத்தைப் பார்த்துச் சிரித்து, மறு ஆய்வுக்கு உத்தரவிட்டாராம். திருநெல்வேலியிலிருந்து மூத்த பொறியாளர் ஒருவர் வந்தார். நிதானமான மனிதர். சுத்தியலால் நாலு சுவரையும் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஏணி போட்டு உத்திரங்களைக் குத்திப் பார்த்தார். வடக்குப்பக்கம் வந்ததும் அந்த மினுங்குகிற பட்டையைக் கையால் தடவினார்.

“நமக்கு முன்னாலயே ஆனை இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சிருக்கு வே. ரிப்போர்ட்டுதான் குடுக்கல” என்று உதவிப் பொறியாளரைப் பார்த்துச் சொன்னார்.

இடிப்பு இல்லை. உத்திரம், மட்டப்பா, வடிகால். ஒதுக்கிய பணத்திலேயே.

சுயம்புலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு துரைப்பாண்டியின் கையையும் பிடித்துக்கொண்டார். அவன் கையை அதிக நேரம் பிடித்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 26, செவ்வாய்

கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சுவரோவியத்துக்கு மேல் தார்ப்பாய். எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பயந்தோம். மழையே இல்லை. கிணறுகள் வறண்டு கிடக்கின்றன. ஊருக்குக் கெட்ட வருடம், கொத்தனாருக்கு நல்ல வருடம்.

1983

ஜனவரி 23, ஞாயிறு

திறப்பு விழா. துரைப்பாண்டிக்குப் பொன்னாடை. நான் பத்திரிகையாளர் பெஞ்சில், குறிப்பெடுத்துக்கொண்டு.

மைக்கைப் பிடித்தவன் இப்படிச் சொன்னான்: “ஆனை என் ஐடியா இல்ல. எங்க அண்ணாச்சி சங்கரநயினார் டீக்கடையில என்ன ஏசினாரு. அந்த ஏச்சத்தான் நான் படம் எடுத்தேன்.” கூட்டம் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

இதற்காகத்தானே ஏழெட்டு மாதமாக வெந்தேன்? வந்ததும் இனிக்கவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொள்ள ஒரு வாய்ப்பு எனக்கு மிச்சமிருந்தது. பிப்ரவரியிலேயே அவன் பெயரை ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதையும் அவன் முந்திக்கொண்டான்.

செய்தியில் அவன் பெயரைப் போட்டேன். என் பெயரைப் போடவில்லை. முத்துமீனாள் படித்துவிட்டு, “ஒங்களப் பத்தி அவரு பேசுனத விட்டுட்டியளே” என்றாள். விட்டதில் கொஞ்சம் வீம்பும் உண்டு. அவளுக்குத் தெரியும்.

மார்ச் 7, திங்கள்

துரைப்பாண்டிக்கு மதுரையில் வேலை. தலைமை நிருபருக்கு அடுத்த இடம், மாதச் சம்பளம், மேஜை. நாற்பது வயதில் நான் கேட்டுக் கிடைக்காத இடம்.

வீட்டுக்கு வந்தான். முத்துமீனாள் அதிரசம் வைத்தாள். கிளம்பும்போது அந்தக் கறுப்புக் குடையைச் சுவரோரம் சாத்தினான். “இனி இதுக்கு இங்கன வேல இல்ல, ஒழுகாதுல்லா. நீங்க வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வெயிலுக்காவது ஆவும்.”

“ஒழுகுதா இல்லையான்னு மழை பெய்தால்தான் தெரியும்” என்றேன்.

“பெய்ஞ்சதும் போய்ப் பாத்து எழுதிருங்க. நான் அங்கன இருந்து படிச்சுக்கிடுதேன்.”

நல்ல குடை. எங்கள் வீட்டில் இருப்பதைவிட நல்லது.

நவம்பர் 17, வியாழன்

இரண்டு வருடத்துக்கு அப்புறம் மழை என்று சொல்லத்தக்க மழை. விடியும்போதே கொட்டியது.

எங்கள் குடையில் கம்பி போயிருந்தது. துரைப்பாண்டியின் குடையை எடுத்துக்கொண்டு மாளிகைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். போகிற வழியெல்லாம் உள்ளுக்குள் என்ன இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்: ஒரு இடத்திலாவது சொட்ட வேண்டும். ஒரே ஒரு இடம். முதலில் நான் எழுத வேண்டும்.

கூடத்தில் ஒரு குண்டான்கூட இல்லை. சுயம்புலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“பாத்திரம் எல்லாம்?”

“வீட்டுல சோறு பொங்குது அண்ணாச்சி.”

ஒவ்வொரு உத்திரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். கழுத்து வலித்தது. எங்கும் ஈரம் இல்லை. ஓவியத்தின் தெப்பக்குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது, வரைந்த தண்ணீர். படித்துறை முகங்கள் காய்ந்து, தெளிவாக, என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. வருடக்கணக்காக இந்தச் சுவரைப் பற்றி எழுதியவன் இந்த முகங்களை இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது யானை வந்தது. மழையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கூரை வேலையோடு வெளிச்சுவரில் பூசிய புதுச் சாந்தில் முதுகை வைத்து நிதானமாக உரசியது. பட்டை மறுபடி விழ ஆரம்பித்திருக்கிறது. பாகன் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, “சாரே, குடை நல்லாருக்கே” என்றான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். “சங்கரன்கோவில், நவ. 17: நேற்று இரவு முதல்” என்று தொடங்கி அடித்தேன். விடியற்காலையிலிருந்துதான் மழை. பிறகு இப்படி எழுதினேன்:

“இன்று பெய்த மழையில் கோயில் யானை நனைந்தது. அது சாய்ந்து நின்ற சுவருக்கு உட்புறம் ஒரு துளி விழவில்லை.”

முத்துமீனாள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். “இது அந்தத் தொரப்பாண்டி எழுதுனாப்புல இருக்கே?”

அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதப் பார்த்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் யானை முதலில் வந்து நின்றது.

அப்படியே கவரில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குப் போனேன். ஆறாம் பக்கமோ எதுவோ. அங்கே அவன் படிப்பான்.